பாணும் பருப்பும்: கலீல் நகரத்துச் சட்டியிலிருந்து நமது அடுப்பு வரை

கொஞ்சம் நீளமான பதிவு இது. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

"இன்றைக்கு வீட்டில் பாணும் பருப்பும்தான்" என்று சொல்லும்போது நமது குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. விருந்தாளி வந்த நேரத்தில் சட்டியில் பருப்பு மட்டும் இருந்தால் உம்மாமார் சங்கடப்படுகிறார்கள். வகுப்பில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் பிள்ளை, உள்ளே பருப்பு என்றால் மூடியை முழுதாகத் திறப்பதில்லை. அந்தத் "தான்" என்ற சிறிய சொல்லுக்குள் ஒரு வெட்கம் ஒளிந்து கிடக்கிறது.

ஆனால், நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் நகரத்தில், பல நூறு ஆண்டுகளாக வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் வைக்கப்பட்ட உணவு இதுதான்: பாணும் பருப்பும். அந்த வரலாற்றை இன்று நாம் பேசப்போகிறோம். கடைசியில் சூப் செய்யும் முறையும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சின்னக் கணக்கும் இருக்கிறது. கணக்கைத் தவறவிட வேண்டாம்.

முதலில் பருப்பைப் பற்றி. நாம் மைசூர் பருப்பு என்று சொல்வதை அறபியில் "அதஸ்" என்பார்கள். வடஇந்தியாவில் அதன் பெயர் மஸூர். மைசூர் நகரத்துக்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. மஸூர் என்பதே நமது நாவில் மைசூர் ஆகிவிட்டது என்று கொள்வதுதான் பொருத்தம். இலத்தீன் மொழியில் இதன் பெயர் லென்ஸ். விஞ்ஞானப் பாடத்தில் நாம் படிக்கும் வில்லைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்ததே, இரு பக்கமும் புடைத்த அதன் வடிவம் இந்தப் பருப்பைப் போல இருப்பதால்தான். அறபியிலும் அப்படியே, கமராவின் வில்லைக்கு "அதஸா" என்று பெயர். பருப்பு மணியின் பெயர்தான் கண்ணாடிக்குப் போனது. பருப்பு அவ்வளவு பழையது.

ஷாம், இராக், தென் துருக்கி ஆகிய பகுதிகளில் மனிதன் முதன்முதலாகப் பயிர் செய்யத் தொடங்கியபோது, கோதுமை, வாற்கோதுமையோடு கூடவே பயிரானவற்றில் ஒன்று இது. ஏறக்குறைய 10,000 ஆண்டுப் பழக்கம். தானியமும் பருப்பும் ஒன்றாக வளர்ந்ததில் ஒரு நன்மை இருந்தது. பருப்பு இனச் செடிகளின் வேரில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. மண் வளம் பெறுகிறது. உடம்பிலும் இந்தக் கூட்டு வேலை செய்கிறது. கோதுமையிலும் அரிசியிலும் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளமாக உண்டு. பருப்பில் குறைவாக இருக்கும் மெதியோனின் தானியத்தில் உண்டு. பாணோடு பருப்பைச் சாப்பிட்டவன் இறைச்சி இல்லாமலே நல்ல புரதம் பெற்றான். விஞ்ஞானம் இதைக் கண்டுபிடிப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மனிதனின் வயிறு கண்டுபிடித்துவிட்டது.

இன்னொரு காரணம், அது காய்ந்து நிற்கும். வெயிலில் காய்ந்த பருப்பை மண்சாடியில் போட்டு மூடிவைத்தால், அடுத்த அறுவடை வரைக்கும், அதற்குப் பின்னரும் இருக்கும். பஞ்ச காலத்துக்கும் பயணத்துக்கும் முற்றுகைக்கும் கைகொடுத்தது இந்தக் காய்ந்த மணிதான். தண்ணீரும் நெருப்பும் கிடைத்தால் போதும், சூப் தயார்.

வேதங்களிலும் இந்தச் சட்டி கொதிக்கிறது. பைபிளின் ஆதியாகமத்தில், யாக்கோபு சமைத்த சிவந்த பருப்புக் கூழுக்காக அண்ணன் ஏசா தனது மூத்த மகன் உரிமையையே விட்டுக்கொடுத்த கதை வருகிறது. அன்று ஏன் பருப்பு சமைக்கப்பட்டது என்பதற்கு யூதர்களின் தல்மூத் ஒரு விளக்கம் சொல்கிறது. அன்றுதான் பாட்டனார் இப்ராஹீம் இறந்த நாளாம். துக்கத்தில் இருந்த தகப்பன் இஸ்ஹாக்குக்காக யாக்கோபு பருப்பு சமைத்தாராம். மற்றப் பயறுகளைப் போலப் பருப்பு மணிக்கு வாய்ப் பிளவு இல்லை. துக்கப்படுபவனுக்கும் பேச வாய் இல்லை. அதனால் அது துக்க வீட்டின் உணவு என்று அவர்கள் காரணம் காட்டுகிறார்கள். இது அவர்களது மரபு. நாம் அதை வரலாற்றுச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆனால் இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரும் பருப்புச் சட்டியும் அவ்வளவு பழைய காலத்திலேயே அருகருகே நிற்பதைக் கவனியுங்கள்.

குர்ஆனில் பருப்பு ஓரிடத்தில் வருகிறது. ஸூரத்துல் பகராவின் 61 ஆவது வசனம். ஒரே வகை உணவைச் சகித்திருக்க முடியாது என்று மூஸா (அலை) அவர்களிடம் முறையிட்ட பனூ இஸ்ராயீல்கள், பூமியில் விளைபவற்றைக் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் அதஸும் வெங்காயமும் உண்டு. இந்த வசனத்தைக் காட்டிப் பருப்பை இழிவான உணவு என்று சொல்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அங்கே கண்டிக்கப்படுவது கிடைத்த அருட்கொடையை மதிக்காத மனம். பருப்பு அங்கே குற்றவாளி அல்ல.

மறுபக்கத்தில், பருப்பை அளவுக்கு மீறி உயர்த்த முயன்றவர்களும் இருந்தார்கள். 70 நபிமார்களின் நாவால் பருப்பு புனிதமாக்கப்பட்டது, அது உள்ளத்தை இளக்கும் என்றெல்லாம் ஒரு "ஹதீஸ்" பழைய காலத்திலேயே சுற்றியது. இன்றும் வாட்ஸ்அப்பில் வேறு வேறு உருவத்தில் வருகிறது. ஹிஜ்ரி 181 இல் வபாத்தான பெரும் இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் அவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு நபியின் நாவாலும் அப்படி இல்லை, அது வயிற்றில் வாயுவை உண்டாக்கும் பண்டம் என்று அவர் மறுத்தார். இதை உங்களுக்கு அறிவித்தது யார் என்று திருப்பிக் கேட்டார். ஸல்ம் இப்னு ஸாலிம் என்பவர் என்றார்கள். அவர் யாரிடமிருந்து கேட்டாராம் என்றார். "உங்களிடமிருந்து" என்று பதில் வந்தது. என்னிடமிருந்துமா என்று இமாம் திகைத்துப்போனார்!

இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களை எப்படி அடையாளம் காண்பது என்று எழுதிய இப்னுல் கையிம் (ஹிஜ்ரி 751 இல் வபாத்தானவர்) இந்தப் பருப்புச் செய்தியையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். இந்தச் சம்பவம் வெறும் சிரிப்புக்கு உரியதல்ல. நல்ல விடயம் ஒன்றைப் பரப்புவதற்குக்கூடப் பொய்யின் துணை கூடாது என்பதை நமது முன்னோர் ஒரு பருப்பு விடயத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. பருப்புக்கு உண்மையான பெருமை ஒன்று இருக்கிறது. அதைத் தேடி நாம் போகவேண்டிய இடம் பலஸ்தீனத்திலுள்ள கலீல் நகரம்.

ஆங்கிலத்தில் ஹெப்ரோன் என்று சொல்லப்படும் அந்த ஊரை அறபிகள் அல் கலீல் என்கிறார்கள். கலீலுல்லாஹ், அல்லாஹ்வின் தோழர் என்ற இப்ராஹீம் (அலை) அவர்களின் சிறப்புப் பெயரே ஊரின் பெயர். அவர்களும் குடும்பத்தாரும் அடக்கப்பட்டிருப்பதாகக் கருதப்படும் இடத்தில் ஹரம் இப்ராஹீமீ பள்ளிவாசல் நிற்கிறது. விருந்தாளி இல்லாமல் உண்ணாதவர் என்று மக்கள் நினைவுகூரும் நபி அவர். வந்தவர்கள் யாரென்று தெரியாமலே கொழுத்த கன்றைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தவர் என்பதைக் குர்ஆனே சொல்கிறது. அவர் பெயரால் அமைந்த ஊரில் விருந்து நிற்கலாமா? நிற்கவில்லை.

கி.பி. 985 அளவில் தனது புவியியல் நூலை எழுதிய அல் முகத்தஸி, ஜெரூசலத்தில் பிறந்தவர். கலீல் அவருக்கு அயலூர். அங்கே ஒரு பொது விருந்தினர் இல்லம் இருந்ததையும், அதற்கென்றே சமையற்காரரும் பாண் சுடுபவரும் பணியாளர்களும் நியமிக்கப்பட்டிருந்ததையும் அவர் பதிந்திருக்கிறார். வருகின்ற ஏழைகளுக்கு ஒலிவ எண்ணெய் சேர்த்த பருப்பு கொடுக்கப்பட்டது. அதன் பிறகு அவர் சொல்வதுதான் நமக்கு முக்கியம்: பணக்காரர்கள் விரும்பினால் அவர்கள் முன்னாலும் அதே பருப்பு வைக்கப்பட்டது.

முகத்தஸியின் நேர்மையையும் பாருங்கள். இது இப்ராஹீம் நபி காலத்து விருந்தின் தொடர்ச்சி என்று பெரும்பாலான மக்கள் நம்பினார்கள். அவரோ, அப்படியல்ல, இது நபித்தோழர் தமீமுத் தாரீ (ரழி) அவர்களும் மற்றவர்களும் விட்டுச்சென்ற வக்பிலிருந்து நடப்பது என்று திருத்துகிறார். வெகு தூரத்திலிருந்த குராஸானின் அமீர் ஆண்டுதோறும் 1,000 திர்ஹம் இதற்கு ஒதுக்கியதையும் குறிப்பிடுகிறார். அதாவது அது வானத்திலிருந்து தானாக இறங்கிய உணவல்ல. யாரோ ஒருவர் தனது சொத்தை எழுதிவைத்தார். யாரோ கணக்குப் பார்த்தார். யாரோ விடியலில் எழுந்து அடுப்பு மூட்டினார். இந்த உண்மை அந்தக் கதையைவிட அழகாக இல்லையா?

அறுபது ஆண்டுகள் கழித்து, 1047 இல், பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ் அங்கே போனார். அவருடைய ஸபர்நாமா என்ற பயண நூலில் சட்டியும் அடுப்பும் நம் கண்முன்னே தெரிகின்றன. கோவேறு கழுதைகளும் மாடுகளும் நாள் முழுவதும் ஆலையைச் சுற்றி மா அரைக்கின்றன. பணிப்பெண்கள் பகல் முழுவதும் பாண் சுடுகிறார்கள். வருகின்ற ஒவ்வொருவருக்கும் வட்டமான ஒரு பாண், ஒலிவ எண்ணெயில் சமைத்த ஒரு கிண்ணம் பருப்பு, கொஞ்சம் உலர்ந்த முந்திரிகை. சில நாட்களில் 500 பேர் வரைக்கும் வந்தார்களாம். எல்லோருக்கும் இருந்தது.

பின்னர் மம்லூக் ஆட்சிக் காலத்தில் இந்த விருந்து இன்னும் பெரிதானது. 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரூசலம், கலீல் நகரங்களின் வரலாற்றை எழுதிய காழி முஜீருத்தீன், நாளொன்றுக்கு 14,000 முதல் 15,000 வரை பாண்கள் கொடுக்கப்பட்டதாகக் குறிக்கிறார். காலையிலும் லுஹருக்குப் பிறகும் ஊராருக்கு. அஸருக்குப் பிறகு ஊரார், வெளியூரார் எல்லோருக்கும். அந்த நேரத்தில் முரசு அடிக்கப்பட்டது. சாப்பாடு தயார் என்பதை அறிவிக்க முரசு! பசித்தவன் கதவைத் தட்டிக் கேட்கவேண்டியதில்லை. ஊரே அவனைக் கூப்பிட்டது.

உஸ்மானியர் காலத்தில் ஜெரூசலத்திலும் இப்படி ஒரு சமையலறை எழுந்தது. ஸுல்தான் ஸுலைமானின் மனைவி ஹுர்ரம் ஸுல்தான் 1552 இல் நிறுவிய அது, காஸ்ஸகீ ஸுல்தான் தகிய்யா என்று இன்றும் அறியப்படுகிறது. காலையில் அரிசிச் சூப், மாலையில் கோதுமைச் சூப், இவற்றில் கொண்டைக்கடலையும் சேரும்; கூடவே பாண். வக்பு ஆவணம் சொல்லும் எண்ணிக்கை, ஏழைகள் 400 பேர். ஆனால் அங்கே ஒரு வரிசை இருந்தது. பணியாளர்கள் முதலில், சத்திரத்தில் தங்கியவர்கள் அடுத்து, ஏழைகள் அதன் பிறகு. நல்ல காரியம்தான், ஆனாலும் யார் ஏழை என்பது வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முகத்தஸி கண்ட கலீலில் பணக்காரனும் அதே கிண்ணத்தில் பங்குகொள்ளலாம். ஒரே பருப்பை எல்லோரும் உண்ணும் இடத்தில், யார் பசியால் வந்தான், யார் பரக்கத்துக்காக வந்தான் என்று எவருக்கும் தெரியாது. ஏழையின் மானத்தை மூடிவைத்த போர்வை அந்தப் பருப்புக் கிண்ணம். பருப்பின் உண்மையான பெருமை என்று நாம் சொன்னது இதைத்தான்.

இந்த இரண்டு தகிய்யாக்களும் இன்று வரைக்கும் இயங்குகின்றன. றமழானில் கலீல் தகிய்யாவின் முன்னால் பாத்திரங்களோடு மக்கள் நிற்கும் படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2023 ஒக்டோபருக்குப் பிறகு காஸாவில் ஊர் மக்கள் கூடிச் சமைத்துக் கொடுக்கும் இடங்களுக்கும் தகிய்யா என்ற அதே பெயர்தான். மாவும் இறைச்சியும் கிடைக்காத நாட்களில் அங்கே பெரும்பாலும் கொதித்தது பருப்புச் சூப். வெற்றுப் பாத்திரத்தோடு நிற்கும் பிள்ளைகளின் படத்தைப் பார்த்துக் கண்கலங்கும் நாம், அந்தச் சட்டிக்கு 1,000 ஆண்டு வரலாறு இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கலீலோடு இது முடியவில்லை. ஷாம் நாடுகளிலும் எகிப்திலும் "ஷூர்பத் அதஸ்" குளிர்காலத்தின் உணவு, நோன்பு திறக்கும் உணவு. துருக்கியில் "மெர்ஜிமெக் சோர்பா" இல்லாத சாப்பாட்டுக் கடையைக் காண்பது அரிது. மொறோக்கோவில் பருப்பும் கொண்டைக்கடலையும் தக்காளியும் சேர்ந்த "ஹரீரா" நோன்பு திறக்கும் நேரத்துக்கு வரும். இறைச்சி போட்டும் செய்வார்கள், போடாமலும் செய்வார்கள். நமக்கு நோன்புக் கஞ்சி எப்படியோ, அவர்களுக்கு இவை அப்படி.

சரி, நமது நாட்டுக்கு வருவோம். மைசூர் பருப்பு நமது மண்ணில் விளைவதில்லை. அது குளிர் பருவத்துப் பயிர். ஷாமில் பிறந்த இந்த மணி இன்று நமக்குக் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்னர் பருப்பு ஒரு பெரிய பயிரே அல்ல. 1972 இல் அங்கே வந்த அல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் ஆராய்ச்சியாளர், அந்த மண்ணுக்கு ஏற்ற பருப்பு வகைகளைத் தேர்ந்து வளர்த்தார். 1978 இல் "லெயார்ட்" என்ற அவரது வகை வெளிவந்தது. கோதுமையை மட்டுமே நம்பியிருந்த விவசாயிகள் பருப்புக்கும் மாறினார்கள். இன்று உலகத்தில் பருப்பு ஏற்றுமதியில் கனடா முன்னணியில் நிற்கிறது. நமது காலைப் பருப்புக்கறி பெரும் கடல்களைத் தாண்டி வந்தது.

அப்படி வருவதில் ஓர் ஆபத்தும் உண்டு என்பதை நாம் அனுபவித்துத் தெரிந்துகொண்டோம். 2020 மார்ச்சில் பருப்பு ஒரு கிலோவின் உச்ச விலை 65 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. 2022 இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது அதே பருப்பின் விலை அதைவிடப் பல மடங்காகியது. "ஏழையின் சாப்பாடு" என்று நாம் சொல்லிவந்தது ஏழைக்கே எட்டாமல் போன நாட்கள் அவை. அப்போதும் நமது உலர் வலயத்து வயல்களில் பயறு, கௌபி, உளுந்து, கொள்ளு எல்லாம் விளைந்துகொண்டுதான் இருந்தன. மைசூர் பருப்பில் செய்யும் எந்தச் சூப்பையும் பயறிலும் செய்யலாம். கலீலின் சமையற்காரர்கள் தங்கள் மண்ணில் விளைந்ததைச் சமைத்தார்கள். நாமும் அப்படிச் செய்வதில் ஒரு குறையும் இல்லை.

இனி செய்முறை. இது ஷாம் நாட்டு முறை, நமது அடுப்புக்கு ஏற்றபடி.

மைசூர் பருப்பு 200 கிராம் எடுத்து, தண்ணீர் தெளியும் வரை நான்கைந்து தடவை கழுவுங்கள். ஊறவைக்கத் தேவையில்லை. ஒரு பெரிய வெங்காயம், மூன்று பல் வெள்ளைப்பூடு, ஒரு கரட், ஒரு சிறிய உருளைக்கிழங்கு ஆகியவற்றைச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கு வதக்குங்கள். இந்த வேலையில் அவசரப்படாதீர்கள். சூப்பின் சுவை பாதி இங்கேதான் இருக்கிறது. பிறகு வெள்ளைப்பூடு, ஒரு தேக்கரண்டி நற்சீரகத் தூள், கால் தேக்கரண்டி மஞ்சள், கொஞ்சம் மிளகுத் தூள். வாசம் எழும்பியதும் கரட்டும் கிழங்கும் பருப்பும் போட்டு, ஒன்றரை லீற்றர் தண்ணீர் விடுங்கள்.

கொதி வந்ததும் மேலே நுரை கட்டும். அதை அகப்பையால் எடுத்துவிடுங்கள். நெருப்பைக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் 25 நிமிடத்தில் பருப்பு கரைந்துவிடும். செம்மஞ்சள் நிறம் போய் மஞ்சளாகியிருக்கும். மத்தால் கடையுங்கள். உப்பை இப்போது போட்டால் அளவு பிடிபடும். அடுப்பை அணைத்த பிறகே தேசிக்காய்ப் புளி. புளிப்பை முதலிலேயே விட்டால் பருப்பு வேகத் தாமதமாகும். தக்காளி போடுபவர்களும் பாதி வெந்த பிறகே போடுங்கள். ரம்பையும் கறிவேப்பிலையும் சேர்த்தால் அது நமது ஊர்ச் சூப். மேலே கொஞ்சம் ஒலிவ எண்ணெய் விட்டால் அது கலீலின் சூப். இரண்டும் நன்றாகத்தான் இருக்கும்.

பயறில் செய்வதென்றால் லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். 40 நிமிடம் வரை பிடிக்கும். கௌபி, கடலை, கொள்ளு ஆகியவற்றை இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். இப்னுல் முபாரக் சொன்ன அந்த வாயுத் தொல்லையும் இதனால் குறையும். சிவப்பு அவரை விதையை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். ஊறவைத்த பிறகும் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவேண்டும். அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றோட்டம் வரும். எவ்வளவு அவித்தாலும் மென்மையாகாத விதை இருந்தால் அது பழைய சரக்கு, கடைக்காரரோடு பேசிக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கணக்கு.

200 கிராம் பருப்பு, ஒன்றரை லீற்றர் தண்ணீர். இதில் ஆறு கிண்ணம் சூப் வரும். அப்படியானால் ஹுர்ரம் ஸுல்தானின் 400 பேருக்கு எவ்வளவு? ஏறக்குறைய பதின்மூன்றரைக் கிலோ பருப்பு, 100 லீற்றர் தண்ணீர். றமழானில் நமது பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சும் கிடாரம் இரண்டு போதும். கிடாரம் நம்மிடம் இருக்கிறது. காய்ச்சத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விறகும் அடுப்பும் இருக்கின்றன. வருடத்தில் 11 மாதம் அவை கவிழ்ந்து கிடக்கின்றன.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், ஆசிரியர்களாகிய நாம் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறோம். சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளையையும் சாப்பிடாமல் வந்த பிள்ளையையும் நமக்குத் தெரியும். கேட்டால் "சாப்பிட்டேன் சேர்" என்றுதான் சொல்லும். பசியை ஒத்துக்கொள்வதைவிட மயங்கி விழுவது அந்தப் பிள்ளைக்கு இலகுவாக இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் மானம் இருக்கிறது.

அதனால்தான் "வறிய மாணவர்களுக்கு உதவி" என்ற பதாகையின் கீழ் வரிசையில் நிற்கவைத்து, பொதியைக் கையில் கொடுத்து, படம் பிடித்துப் போடும் உதவிகளைப் பார்க்கும்போது நமக்கு மனம் கூசுகிறது. கொடுப்பவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளை மறுநாள் வகுப்புக்கு வரவேண்டும். கலீலின் சட்டம் வேறு. எல்லோருக்கும் ஒரே கிண்ணம். கேள்வி இல்லை, பட்டியல் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளையும் அதே சூப்பைக் குடிக்கட்டும். அதிபரும் ஆசிரியரும் கிண்ணத்தோடு வந்து நிற்கட்டும். அப்போது பசித்து வந்த பிள்ளை யாரென்று எவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் வயிறு நிறையும், தலை குனியாது.

நமது நாட்டில் வக்பு என்பது புதிய விடயம் அல்ல. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டம் இருக்கிறது. வக்பு சபை இருக்கிறது. பல ஊர்களில் பள்ளிவாசல்களுக்குக் கடைகளும் காணிகளும் தோட்டங்களும் இருக்கின்றன. நமது மூத்தவர்கள் எழுதிவைத்தவை அவை. தமீமுத் தாரீ (ரழி) அவர்களின் பெயரால் நடந்த ஒரு வக்பு எத்தனை நூற்றாண்டுகள் அடுப்பை எரியவைத்தது என்று பார்த்தோம். ஒரு கடையின் மாத வாடகையில் ஒரு பங்கு, கிழமைக்கு ஒரு நாள், ஒரு கிடாரம் சூப். இதுதான் நாம் முன்வைக்கும் யோசனை. நிர்வாகத்தினர் கூடிப் பேசட்டும். ஊரில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கும் பாடசாலை என்றால் இன்னும் நல்லது. இறைச்சி இல்லாத சூப், எவரும் தயங்காமல் குடிக்கலாம். இப்ராஹீம் நபியும் வந்தவர்களின் ஊரையும் பெயரையும் கேட்ட பிறகு உணவு வைக்கவில்லை.

உங்கள் ஊரில் ஏற்கெனவே இப்படி ஏதாவது நடந்துகொண்டிருந்தால், எப்படிச் செய்கிறீர்கள், எவ்வளவு செலவாகிறது என்று எழுதுங்கள். சமையல் தெரிந்த சகோதரிகள் அளவில் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்ற பெயர் மட்டும் வேண்டாம். படமும் வேண்டாம். முரசு அடித்தால் போதும்.